ராஜா வீடும் பாட்டி வீடும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக ஜயங்கொண்டத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு முறை போய் வாருங்கள். சித்திரை மாதத்தில் மட்டும் வேண்டாம்! நான் சித்திரையில்தான் போனேன். வழி நெடுகச் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்டு லாரிகளும் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு எதிரே வந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிரதேசம் கடலாக இருந்தது. அந்தக் கடலடியில் படிந்ததுதான் இன்று சிமெண்டாகி, ஊர் ஊராக வீடு கட்டப் புறப்படுகிறது.

நான் பார்க்கப் போனதோ சிமெண்டு பிறப்பதற்கு முந்திய வீடு. கங்கையும் கடாரமும் கொண்ட ராஜேந்திர சோழனின் வீடு!

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்குச் சற்றுத் தூரத்தில் மாளிகைமேடு இருக்கிறது. 1980-களில் இங்கே தோண்டினார்கள். 2021-ல் மறுபடியும் தோண்டத் தொடங்கினார்கள். கனமான செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தூண் நின்ற கருங்கல் பீடங்கள் எல்லாம் வெளிப்பட்டன. தூண்கள் மரத்தாலானவையாக இருக்கலாம் என்கிறார்கள். வேடிக்கையைப் பாருங்கள்! ஆண்டவனுக்கு வானளாவக் கல்லில் வீடு எடுத்த சக்கரவர்த்தி, தான் குடியிருக்கச் செங்கல்லும் ஓடும் போதும் என்று இருந்துவிட்டார்.

திரும்பும் வழியில் தாகம் தாங்கவில்லை. ஓர் ஓட்டு வீட்டின் முன் நின்றேன்.

"வெயில்ல நிக்காதீங்க தம்பி, திண்ணையில உக்காருங்க" என்று ஒரு பாட்டி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், வியர்வை அடங்கிவிட்டது! கூரை தாழ இறங்கியிருந்ததால் உச்சி வெயில் சுவரைத் தொடவில்லை. ஒன்றரை முழ மண் சுவரைத் தாண்டி உஷ்ணம் உள்ளே போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உள்ளே முற்றத்தில் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. சூடான காற்று அந்த வழியே மேலே போக, வாசலிலிருந்து காற்று உள்ளே வந்தது. மழைக்காலத்தில் அதே முற்றத்தில் அண்டாவை வைத்துத் தண்ணீர் பிடிப்பார்களாம்.

"அடுத்த மாசம் இடிக்கப் போறோம். மவன் சிங்கப்பூர்லேருந்து பணம் அனுப்பிச்சிருக்கான். மாடி வீடு" என்றாள் பாட்டி.

"ஐயோ, ஏன் பாட்டி?"

"நல்லா கேட்டீங்க! குரங்கு ஓட்டைப் பொரட்டிப் போட்டுடுது. மாத்தி வேய ஆள் கிடைக்கல. மழை வந்தா ராத்திரி பூரா நான்ல பாத்திரம் வைக்கணும்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தவன், முப்பது வருஷம் ஒழுக்குக்குப் பாத்திரம் வைத்தவளுக்கு உபதேசம் செய்யலாமா?

பாட்டி புது வீட்டுப் பிளானைக் காட்டினாள். திண்ணை இருந்த இடத்தில் கார் நிறுத்த இடம். முற்றத்தைக் காணோம். வீட்டில் காரும் கிடையாது!

"அதுல நான் எங்க தம்பி உக்காருவேன்?" என்றாள் மெதுவாக.

இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் குடியேறிய லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரை (1917-2007) நினைத்துக்கொண்டேன். குடியிருக்கப் போகிறவர்களோடு பேசித்தான் அவர் வீட்டைத் திட்டமிடுவார். மனையில் மரம் இருந்தால் வீடுதான் ஒதுங்கும், மரம் அல்ல. அவர் கான்கிரீட்டை வெறுக்கவில்லை. கூரைத் தளத்தின் நடுவே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் கம்பியையும் மிச்சம் பிடித்தார். மாடி வீட்டுக்கும் திண்ணைக்கும் ஜன்மப் பகை ஒன்றும் இல்லை!

இதைச் சொன்னதும் பாட்டி பேரனைக் கூப்பிட்டு, மகனுக்குப் போன் போடச் செய்து என்னிடம் நீட்டினாள். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"அம்மா எங்கிட்ட கேக்கவே இல்லீங்களே!" என்றார் அவர். "நானும் கேக்கல" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

நேயர்களே, நீங்களும் வீடு கட்டப் போகிறீர்களா? பேஷாகக் கட்டுங்கள். ஆனால் பிளானில் கையெழுத்துப் போடுமுன், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். பிறகு வீட்டில் மூத்தவரிடம், "சாயங்காலம் நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.