கலிங்கத்துப் பரணி: ரெண்டுக்கு சைபர்!

காஞ்சிபுரத்துக்கும் கலிங்கத்துக்கும் ஆகவே ஆகாது. இன்று நேற்றல்ல, தொள்ளாயிரம் வருஷத்துப் பகை. முதலாம் குலோத்துங்கச் சோழன் எங்க ஊர் அரண்மனையில் உட்கார்ந்து வரவு பார்த்துக் கொண்டிருந்தபோது, 'கலிங்க ராஜா ரெண்டு தவணையாகக் கப்பம் கட்டவில்லை' என்று தெரிய வந்ததாம். கருணாகரத் தொண்டைமானைக் கூப்பிட்டு, "போய் வசூல் பண்ணிக்கிட்டு வாய்யா" என்று அனுப்பிவிட்டான். படை இங்கேயிருந்துதான் கிளம்பியது. ஜெயங்கொண்டார் 'கலிங்கத்துப்பரணி' பாடினார். பிற்காலத்தில் பிள்ளைகள் அதை மனப்பாடம் பண்ணி அவதிப்பட்டார்கள். விளையாட்டுப் பாஷையில் சொன்னால், வெளியூர் மைதானத்தில் அமோக வெற்றி!

ஆனால் 2023 செப்டம்பர் 23, சனிக்கிழமை சாயந்திரம், அதே கலிங்கத்தில், புவனேஸ்வரம் கலிங்கா ஸ்டேடியத்தில், எங்க ஆட்கள் பதினோரு பேர் போய்... சரி, மெதுவாகவே சொல்கிறேன். அவசரப்பட்டால் நெஞ்சு அடைக்கிறது.

எங்க ஆட்கள் என்றால் சென்னையின் எஃப்.சி. முதல் தடவை இந்தப் பெயரைக் கேட்டதும் எதிர்வீட்டு அண்ணி, "சென்னையின்... என்ன? பாதியில நிறுத்திட்டியே தம்பி!" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இலக்கண வாத்தியார் பார்த்தால் 'வாக்கியம் முடியவில்லை' என்று சிவப்பு மையில் சுழித்துவிடுவார். 2014-ல் ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டி ஆரம்பித்ததிலிருந்து அந்தரத்தில் தொங்குகிற பெயர் அது. நானும் கூடவே தொங்கிக் கொண்டிருக்கிறேன்.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இந்த டீமுக்கு ரசிகனாக இருப்பதில் ஒரு விசேஷம் உண்டு. நமக்கு உள்ளூர் மேட்சும் வெளியூர் மேட்ச்தான். சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். ராத்திரி பத்து மணி வாக்கில் ஆட்டம் முடிந்து, பூந்தமல்லியில் பஸ்ஸுக்குத் தவம் கிடந்து, தூங்கி வழிந்து ஊர் சேர்வதற்குள் சில நாள் தெருவில் பாவு கட்டுகிறவர்கள் எழுந்துவிட்டிருப்பார்கள். விடியற்காலையில் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். டீம் ஜெயித்திருந்தால் நின்று ரெண்டு வார்த்தை பேசுவேன். தோற்றிருந்தால் ஓரமாகக் குனிந்து போய்விடுவேன். "இன்னா தம்பி, பூட்ச்சா?" என்று அப்படியும் ஒரு குரல் வரும்.

அந்தக் குரல் எதிர்வீட்டு அண்ணாவுடையது. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி. கோர்வைச் சேலை நெய்கிறவர். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், ரெண்டும் சேருகிற இடத்தில் இழைக்கு இழை கோத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று நாடா ஓடும். தறியில் உட்கார்ந்தவர் ஒருத்தர் மட்டும் சமாளிக்க முடியாது. கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். லீவு நாளில் அந்த இன்னொரு ஆள் அவருடைய பையன், பாலிடெக்னிக் மாணவன். இந்தத் தெருவில் எனக்கு அகப்பட்ட ஒரே கால்பந்து சிஷ்யன். ஆக, நாங்கள் ஒரு மேட்ச் பார்த்தால் ஒரு தறி நிற்கும். கிரிக்கெட் பார்த்து ஆபீசுக்கு மட்டம் போடுகிறவனுக்கு சம்பளம் வரும். தறி நின்றால் கூலி நின்றது. அதனால்தான் அந்த வீட்டில் தோல்வி என்பது கொஞ்சம் கனமான சமாசாரம்.

அன்றைக்குப் பார்த்துப் புரட்டாசி முதல் சனிக்கிழமை வேறு. சின்ன காஞ்சிபுரம் பக்கம் வண்டி போக முடியாது. வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அப்படி ஒரு கூட்டம். அண்ணி மாவிளக்கு ஏற்றித் தளிகை போட்டிருந்தார். சீசன் ஆரம்பத்தை பிரியாணியோடு கொண்டாடும் எங்கள் வழக்கம் புளியோதரையில் முடிந்தது. (நன்றாகத்தான் இருந்தது. அது வேறு விஷயம்.) ஜரிகை டப்பாவில் செல்போனை சாய்த்து வைத்து, ஜியோ சினிமாவைத் தட்டிவிட்டு, மூணு பேரும் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம்.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. கோச் ஓவன் காயில் திரும்பி வந்திருந்தார். ஆட்டக்காரர் ரஃபேல் கிரிவெலாரோவும் திரும்பியிருந்தார். எதிரணியும் சாதாரணமில்லை. அந்த ஏப்ரலில்தான் ஒடிஷா சூப்பர் கப் ஜெயித்திருந்தது. கோச் செர்ஜியோ லோபேரா ஏற்கெனவே கோவாவையும் மும்பையையும் தூக்கி நிறுத்தியவர்.

எங்களவர்கள் ஓடினார்கள். ஒருத்தர் கொடுத்த பந்து இன்னொருத்தர் இருந்த இடத்துக்குப் போகவில்லை. இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. அண்ணா கால்பந்து தெரிந்தவரில்லை. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார். "கோர்வை சேரலடா. ஆளுக்கு ஒரு நாடா தள்றான்." முதல் பாதி முடியப் போகிற நேரத்தில் ஜெர்ரி ஒன்று போட்டார். அப்புறம் டியேகோ மொரீசியோ இன்னொன்று. ரெண்டுக்கு சைபர். தெருக்கோடியிலிருந்து 'கோவிந்தா, கோவிந்தா' என்று பஜனை கோஷ்டி சரியான சமயத்தில் சத்தம் போட்டது. எங்களைத்தான் சொல்கிறார்களோ என்று இருந்தது.

பையன் உடனே ஆரம்பித்துவிட்டான்: கோச் சரியில்லை, நடுவில் ஆள் சரியில்லை, இன்னாரை இறக்கியிருக்க வேண்டும். பாசுரம் சொல்வதில் யாருக்கு உரிமை என்று வடகலையும் தென்கலையும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடக்கிற ஊர். நடுவரிசைக்கு ஆள் போடுவதில் சண்டை வராமல் இருக்குமா? அண்ணா பேசவில்லை. எழுந்து லைட்டைப் போட்டார். "வா, ரெண்டு அங்குலம் போடலாம்" என்று பையனைக் கூப்பிட்டார். நான் செருப்பை மாட்டுவதற்குள் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஒடிஷாக்காரர்களுக்கும் ஒரு காஞ்சிக் கதை உண்டு. நம்ம ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. அங்கே குழந்தைக்கும் தெரியும். பதினைந்தாம் நூற்றாண்டு கஜபதி ராஜா புருஷோத்தம தேவன், காஞ்சி இளவரசி பத்மாவதியைப் பெண் கேட்டான். 'புரி ரதத்துக்கு முன்னால் துடைப்பம் எடுத்துப் பெருக்குகிற ஆளுக்கா என் பெண்?' என்றான் காஞ்சி ராஜா. வந்ததே கோபம்! படையெடுத்து வந்தான்... தோற்றுப் போனான். ஆமாம் ஸார், கஜபதிக்கே வெளியூரில் முதல் ஆட்டம் தோல்வி! திரும்பிப் போய் ஜகந்நாதரிடம் அழுதான். ரெண்டாம் தடவை ஜகந்நாதரும் பலபத்திரரும் கறுப்புக் குதிரையும் வெள்ளைக் குதிரையுமாக முன்னால் போனார்களாம். வழியில் மாணிக்கா என்ற தயிர்க்காரியிடம் தயிர் வாங்கிக் குடித்து, காசுக்குப் பதில் மோதிரத்தைக் கொடுத்தார்களாம். காஞ்சி காலி. இளவரசி ஒடிஷா மருமகள். சரித்திரக்காரர்கள் இதில் எவ்வளவு நிஜம் என்று மண்டையை உடைத்துக் கொள்ளட்டும். கடவுளே தயிர் குடித்துவிட்டு எதிர் டீமில் ஆடினால் குலோத்துங்கனாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது என் கட்சி.

இந்தக் கதையை மறுநாள் பையனிடம் சொன்னேன். தேறவில்லை. சரி, நான் பி.காம். படித்தவன், என் ஆயுதத்தை எடுத்தேன். பழைய நோட்டு ஒன்று. இடது பக்கம் முதல் மேட்ச். வலது பக்கம் சீசன் முடிவு. முதல் மேட்சில் தோற்ற கணக்கை மட்டும் பாருங்கள்.

2015: கொல்கத்தாவிடம் உள்ளூரிலேயே 2-3 தோல்வி. அந்த வருஷம் வெள்ளத்தால் அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைக்கூட புனேயில் ஆடினார்கள். முடிவு? சாம்பியன்! 2017: கோவாவிடம் மறுபடி உள்ளூரில் 2-3. முடிவு? 2018 மார்ச்சில் பெங்களூரிலேயே பெங்களூரை வீழ்த்தி சாம்பியன்! 2019 அக்டோபர்: அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்து குளத்துக்குள் திரும்பி ரெண்டு மாசம் ஆகியிருந்தது, ஊர் இன்னும் பெருமூச்சு விட்டுக் கொண்டிருந்தது, கோவாவுக்குப் போய் 0-3. அதோடு விட்டதா? முதல் நாலு மேட்சில் ஒரு கோல் கிடையாது! ஐந்தாவதில் ஹைதராபாத்தை ஜெயித்தோம். அப்புறம் சில நாளில் கோச் ஜான் கிரிகரி விலகினார். இதே ஓவன் காயில் வந்தார். ஃபைனல் வரைக்கும் போனோம். கொரோனா பயத்தில் ஆளில்லாத ஸ்டேடியத்தில் நடந்த அந்த ஃபைனலில்தான் தோற்றோம்.

ஜெயித்து ஆரம்பித்த வருஷங்கள்? 2020, எட்டாவது இடம். 2021, எட்டு. 2022-ல் கொல்கத்தாவுக்கே போய் ஜெயித்தார்கள், அப்பவும் எட்டு!

"அப்போ தோத்தா நல்லதா அண்ணா?" என்றான் பையன், முகம் கொஞ்சம் மலர்ந்து.

"கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"2018-ல?"

அதைக் கேட்டிருக்க வேண்டாம். அந்த வருஷமும் பெங்களூரில் 0-1 என்றுதான் ஆரம்பம். நடப்பு சாம்பியன் பதினெட்டு மேட்சில் ஒன்பதே பாயின்ட் எடுத்துக் கடைசி இடம். ஆடிட்டர்கள் இதைத்தான் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். பையன் கண் கூர்மை.

2023 சீசன் என் நோட்டின் மானத்தை முதலில் வாங்கியது, பிறகு காப்பாற்றியது. குவாஹாட்டியில் 0-3. உள்ளூரில் மோகன் பகானிடம் 1-3, அதுவும் ஒரு புரட்டாசி சனிக்கிழமை. மூணு மேட்சில் வாங்கியது எட்டு கோல், போட்டது ஒன்று. ஐப்பசி பிறந்ததும் தோஷம் கழிந்ததோ என்னவோ, ஹைதராபாத்தை வென்றார்கள். பஞ்சாபுக்கு ஐந்து கோல். தட்டுத் தடுமாறி ஆறாம் இடம் பிடித்து, நாலு வருஷத்துக்குப் பிறகு ப்ளே-ஆஃப் பார்த்தோம். கோவாவில் 1-2 என்று கதை முடிந்தது. அதற்குள் அண்ணாவே, "இன்னிக்கு மேட்ச் இருக்குதாடா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். அண்ணிக்குத்தான் அதில் வருத்தம்.

2024 செப்டம்பர் 14. மறுபடி சனிக்கிழமை, மறுபடி முதல் மேட்ச், மறுபடி அதே கலிங்கா ஸ்டேடியம்! புரட்டாசி பிறக்க மூணு நாள் இருந்ததால் பிரியாணி உண்டு. ஃபரூக் சௌத்ரி ரெண்டு, டேனியல் சிமா ஒன்று. 3-2. கஜபதி ராஜா மாதிரி ரெண்டாம் படையெடுப்பில் ஜெயித்துவிட்டோம். பையன் தெருவில் இறங்கி ஆடினான். அண்ணா எனக்கு ஒரு லெக் பீஸ் எடுத்து வைத்தார். நான் மட்டும் நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, வயிற்றில் புளியைக் கரைக்க, எதுவும் சொல்லாமல் சாப்பிட்டேன். அந்த சீசனில் பதின்மூன்று டீமில் பதினோராவது இடம்.

2025-ல் நோட்டுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கால்பந்து சங்கத்துக்கும் போட்டியை நடத்துகிற கம்பெனிக்கும் ஒப்பந்தம் புதுப்பிப்பதில் இழுபறி. செப்டம்பர் வாக்கில் தொடங்க வேண்டிய சீசன் அந்த வருஷம் முடிகிற வரை தொடங்கவில்லை. புரட்டாசி சனிக்கிழமைகள் வந்தன, போயின. தறி நிற்காமல் ஓடியது. தீபாவளிக்கு முன்னால் ஒரு சாயந்திரம், நாடாவைத் தள்ளிக்கொண்டே அண்ணா கேட்டார்:

"மேட்ச் எப்போ தம்பி?"

"தெரியலண்ணா. நடக்குமான்னே தெரியல."

கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"தோக்கறதுக்காவது வெச்சுத் தொலைங்கடா" என்றார்.