என் ஆபீஸ்... 2 அடிக்கு ஒன்றரை அடி!

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. மிக்ஸிக்கு ஒரு மேடை, டி.வி-க்கு ஒரு சுவர், செருப்புக்கு ஒரு ஸ்டாண்ட், சாமிக்கு ஒரு ஷெல்ஃப். சொந்தமாக இடமே இல்லாத ஒரே ஜீவன், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஆண்பிள்ளைதான்!

'ஆபீஸ் போகிற உங்களுக்கு இந்தக் கஷ்டம் எங்கே புரியப் போகிறது?' என்று முன்பெல்லாம் கேட்டிருக்கலாம். 2020 லாக்டவுனுக்குப் பிறகு அப்படிக் கேட்க முடியாது. கட்டில் விளிம்பு, இஸ்திரி மேஜை, பால்கனியில் காயும் துணிகளுக்கு நடுவே என்று நீங்களும் லேப்டாப்போடு அலைந்தவர்தானே? உங்களுக்கு அது சில மாதக் கதை. எனக்கு அதுதான் பிழைப்பு.

நான் பி.காம். பத்து வருஷம் ஒரு கம்பெனியில் அடுத்தவர் கணக்கை எழுதிவிட்டு, பிறகு வேலையை விட்டு, பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் கம்பெனிகளுக்கு விளம்பர வாசகமும் எழுத ஆரம்பித்தேன். ஆபீஸ், எங்கள் சாப்பாட்டு மேஜை. ஒன்பது மணிக்கு இட்லித் தட்டு நகர்ந்ததும் ஆபீஸ் திறக்கும். பன்னிரண்டரைக்கு 'கொஞ்சம் எடுங்க, குழம்பு வைக்கணும்'. மூன்றரைக்கு மகளின் ஹோம்வொர்க். ஆறு மணிக்குக் கீரை ஆய்தல். ஒருமுறை என் கட்டுரையின் பிரின்ட் அவுட், கீரைத் தண்டோடு சேர்ந்து குப்பைக்குப் போனது. (எடிட்டரிடம் போயிருந்தாலும் அதே முடிவுதான் என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.)

வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, "என்ன தம்பி, இன்னிக்கு லீவா?"

மனைவி ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். எதையும் தேதி போட்டுத்தான் பேசுவாள். "மார்ச் 31 வரைக்கும் பார்ப்போங்க. மாசம் சராசரி முப்பதாயிரமாவது வரணும். வரலைன்னா பழைய மாதிரி ஒரு வேலைக்குப் போயிடுங்க. சரியா?" சரிதான் என்று தலையாட்டினேன். அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. அதற்கு மேல் என்ன பேச?

இந்த நிலைமையில், ஜனவரி மாதம் எனக்கு ஓர் எழுது மேஜை ஆசை வந்தது.

"வருமானம் வரட்டும், அப்புறம் மேஜை" என்றாள்.

"மேஜை வந்தா வருமானம் வரும். இது செலவில்லம்மா, மூலதனம்" என்றேன். பி.காம் வாழ்க்கையில் உதவுகிற இடங்கள் இவைதான்.

எங்கள் ஹால் 10-க்கு 12. கம்ப்யூட்டர் மேஜை ஒன்று போட்டால் ஒரு மனிதரை வெளியேற்ற வேண்டும். அது யார் என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இருக்காது. அப்போதுதான் கணக்குப்பிள்ளை மேஜை ஞாபகம் வந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மூக்குக் கண்ணாடியோடு ஒருவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே சாய்வான மூடி போட்ட ஒரு மரப்பெட்டி. மூடி மேல் நோட்டை வைத்து எழுதுவார். மூடியைத் தூக்கினால் உள்ளே பணம், பத்திரம், பேனா, மைக்கூடு. நாற்காலியே வேண்டாம்!

அதைச் சாதாரணப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். செட்டிநாட்டு நகரத்தார்கள் பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று போய்க் கடன் கொடுத்து வாங்கும் தொழில் செய்த காலத்தில், இந்த மாதிரிப் பெட்டிதான் அவர்களுடைய பேங்க். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் 'கிட்டங்கி' என்று இருந்தது. நீளமான ஒரே கூடம். உள்ளே வரிசையாகப் பல கடைகள். ஒரு கடை என்றால் ஓர் ஆள், ஒரு பெட்டி, உட்காரக் கொஞ்சம் தரை, அவ்வளவுதான். பகலில் வியாபாரம், ராத்திரி அங்கேயே படுக்கை. இன்றைக்கு ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடம் கட்டி, 'கோ-வொர்க்கிங்' என்று பெயர் வைத்து வாடகை வாங்குகிறார்களே, அதேதான்!

ஒரு பேங்கே இரண்டடிப் பெட்டியில் நடந்திருக்கிறது. என் கட்டுரை நடக்காதா?

சென்னையிலிருந்து காரைக்குடி சுமார் 400 கிலோமீட்டர். ராத்திரி பஸ் பிடித்தேன். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பங்கு பிரிக்கப்பட்ட, இடிக்கப்பட்ட பெரிய வீடுகளின் சாமான்களெல்லாம் அங்கேதான் கரை ஒதுங்குகின்றன. தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், பெல்ஜியம் கண்ணாடி... எந்த வீட்டுக் கல்யாணத்துக்கோ யாரோ பார்த்துப் பார்த்து வாங்கியது, விலை கேட்கிற நம்மைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கடைக்காரர் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் காட்டினார். "தம்பி, இது பர்மாத் தேக்கு. அதுவும் பர்மாத் தேக்கு. அந்தா இருக்கே, அது பர்மாவுலயே செஞ்சு கப்பல்ல வந்தது."

"எல்லாமே பர்மாவா அண்ணே?"

"கடையில பர்மாவுல இருந்து வராதது ரெண்டே ரெண்டுதான் தம்பி. ஒண்ணு நான், இன்னொண்ணு இந்த டீ கிளாஸ்!"

கிளம்புவதற்கு முன் எங்கள் தெரு ஆசாரியிடம் பாடம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பழைய சாமான் வாங்கும் உத்தேசம் இருந்தால் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், மேல்பக்கத்தைப் பார்க்கவே கூடாது. மேல்பக்கம் பெண் பார்க்கும் படலம் மாதிரி, அலங்காரம் செய்துதான் வைத்திருப்பார்கள். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள். பாலிஷ் படாத மரம் அங்கேதான் உண்மை பேசும். புது மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசிப் பாட்டியாக்கியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, மூலைகள். இரண்டு பலகைகளையும் கைவிரல்களைக் கோத்தது போல் பல் வெட்டி இணைத்திருப்பார்கள். கையால் வெட்டியதென்றால் ஒரு பல் பெரிசு, ஒரு பல் சிறிசாக இருக்கும். எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே அளவென்றால் மெஷின் வேலை.

மூன்றாவது, ஸ்க்ரூ. தலையில் நேர்க்கோடு இருந்தால் பழசாக இருக்கலாம். 'ஸ்டார்' இருந்தால் அந்த இடத்தில் பிற்பாடு யாரோ கை வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கே வந்தது.

நான்காவது, ஓட்டைகள். பழைய ஓட்டை பரவாயில்லை. தட்டினால் மாவு மாதிரி தூள் கொட்டினால், உள்ளே இன்னும் குடித்தனம் நடக்கிறது என்று அர்த்தம். வைரம் பாய்ந்த தேக்கைப் பூச்சி சுலபத்தில் தொடாது. ஓரத்து வெளிர் மரத்தைத்தான் தின்னும்.

கடைசியாக, பஞ்சில் துளி ஸ்பிரிட் தொட்டு, மறைவான மூலையில் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று கரைந்து வந்தால் அது அரக்கு பாலிஷ், பழைய முறை. அசையவில்லை என்றால் இந்தக் காலத்துப் பூச்சு.

நான் பஞ்சை எடுத்ததும் கடைக்காரர், "தம்பி என்ன, ஊசி போடப் போறீங்களா?" என்றார்.

நாலாவது கடையில், ஒரு தொட்டிலுக்கு அடியில் கிடைத்தது. நீளம் 2 அடி, அகலம் ஒன்றரை அடி. முன்பக்கம் 9 அங்குலம், பின்பக்கம் 12. மூடியில் ஒரு விரிசல். பூட்டு உண்டு, சாவி இல்லை. உள்ளே சின்னச் சின்ன அறைகள். மூடியின் உட்புறம் மங்கலாக ஒரு குங்குமப் பொட்டு. யாரோ, எந்த ஊரிலோ, ஏதோ ஒரு பூஜையன்று வைத்தது. விலை பதினாலாயிரத்தில் ஆரம்பித்து, இரண்டு டீக்குப் பிறகு ஒன்பதாயிரத்து ஐந்நூறில் நின்றது.

பஸ் கண்டக்டர் டிக்கியில் ஏற்றும்போது கேட்டார், "உள்ளே என்ன சார்?"

"ஒண்ணுமில்லைங்க. காலிப் பெட்டி."

காலிப் பெட்டிக்கா இத்தனை பாதுகாப்பு என்பது போல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

வீட்டில் எதிர்ப்பு எதிர்பார்த்தேன். மகள் மூடியைத் திறந்து தன் பென்சில் பாக்ஸை ஓர் அறையில் வைத்து முதல் அட்வான்ஸைப் போட்டாள். மனைவி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கட்டிலுக்கு அடியில தள்ளலாமா?" என்றாள். "தள்ளலாம்." "அப்ப சரி."

ஆசாரி மெஷின் வைத்து இழைக்கவே இல்லை. "மேல்தோலை உரிச்சா அப்புறம் என்ன பழசு சார்?" ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, விரிசலை அடைத்து, அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்து துணியில் தொட்டு மெல்லிசாக நாலைந்து தடவை தேய்த்தார். அரக்கு பாலிஷுக்குச் சூடு ஆகாது. சுடு டம்ளர் வைத்தால் வெள்ளையாக வட்டம் விழும். எனவே என் ஆபீஸில் காபிக்குத் தடை. காபி தரையில்.

ஜன்னலோரம் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சாய்வுப் பலகையில் எழுதும்போது கழுத்து குனிய வேண்டியதில்லை. கீழ் விளிம்பில் ஒரு சட்டம் இருப்பதால் லேப்டாப்பும் வழுக்குவதில்லை. கால் மட்டும் அரை மணிக்கு ஒரு தடவை மரத்துப்போகும். எழுந்து நடந்துவிட்டு வர வேண்டும். ஆபீஸில் டீ பிரேக் இல்லையா?

அதைவிடப் பெரிய மாற்றம் வேறு. அந்தப் பெட்டி முன்னால் நான் இருக்கும்போது யாரும் கீரைக்கட்டை நீட்டுவதில்லை. "அப்பா பெட்டியில இருக்காங்க" என்று மகள் வாசலிலேயே விருந்தாளிகளை நிறுத்துகிறாள். அதே ஆள், அதே வேலை. உட்காரும் இடம் ஒன்று நிலைத்ததும் வேலைக்கு ஒரு முகம் வந்துவிட்டது.

கணக்குப் பெட்டியில் கணக்கு எழுதாமல் இருந்தால் பாவமில்லையா? ஒரு நீள நோட்டு வாங்கினேன். தினச் செலவுக்குச் சிட்டை, ஆள் வாரியாகப் பேரேடு, கடைசியில் ஐந்தொகை. ராத்திரி ஒன்பதரைக்கு ஐந்து நிமிஷம். முதல் வாரமே விஷயம் தெரிந்தது. எனக்கு வர வேண்டிய பாக்கி 82,000 ரூபாய். பேங்க்கில் இருப்பு 11,000!

அந்த நேரத்தில் பர்மாக் கணக்குதான் ஞாபகம் வந்தது. 1930-ல் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவிகிதம். 1938-ல் 25 சதவிகிதம். கேட்டால் ஆஹா என்று தோன்றும். ஆனால், அவர்கள் நிலம் வாங்கப் போகவில்லை. பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, வாங்கியவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை, பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. கடன் வாங்கிய விவசாயிக்கு நிலம் போனது. இவர்களுக்குப் பணம் திரும்பவில்லை. 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது நிலத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வர முடியுமா? 1948-ல் நில தேசியமயச் சட்டமும் வந்தது. ஏட்டில் சொத்து இருந்தது, கையில் காசு இல்லை.

என் 82,000-ம் ஏட்டில்தான் இருந்தது. மறுநாளிலிருந்து தினம் இரண்டு போன். "சார், அந்த பில்..." என்று ஆரம்பிப்பதற்குள் தொண்டை கட்டும். ஆனாலும் பெட்டி முன் உட்கார்ந்து கேட்கும்போது குரலில் கொஞ்சம் முதலாளித்தனம் வந்தது. மூன்று பேர் உடனே அனுப்பினார்கள். ஒருவர், "நீங்க கேட்கவே இல்லையேன்னு நினைச்சேன்" என்றார்!

மார்ச் 31. ராத்திரி நோட்டை மனைவியிடம் நீட்டினேன். வருஷ வரவு 3,30,000. இலக்கு 3,60,000. முப்பதாயிரம் குறைவு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். "இன்னும் வர வேண்டியது?"

"முப்பத்தி நாலாயிரம்."

"அதுல வராதது?"

"ஆறாயிரம் சந்தேகம்தான்."

"அப்ப இருபத்தெட்டு. இன்னும் ரெண்டாயிரம் துண்டு விழுது." கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கு ஃபேன் சத்தம்கூடப் பெரிசாகக் கேட்டது. பெட்டியின் மூடியை விரலால் தட்டினாள். "இதைச் சேர்த்தீங்களா? ஒன்பதாயிரத்து ஐந்நூறு?"

"இல்லை..."

"சேருங்க. டேலி ஆயிடுச்சு. இன்னொரு வருஷம் பார்ப்போம்."

சொத்தை வருமானத்தில் சேர்க்கக் கூடாது என்று பி.காம் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சத்தியமாக நான் வாயைத் திறக்கவில்லை!

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு மகளே பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள், பழைய பொட்டின் பக்கத்திலேயே. பேனா, நோட்டு, லேப்டாப் எல்லாம் அதன் மேல் அடுக்கப்பட்டன. மறுநாள் வரை எதையும் தொடக் கூடாது. எனக்குப் பொழுதே போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுண்டல் வாங்க வந்தவர் பார்த்துவிட்டு, வழக்கம்போல் கேட்டார், "என்ன தம்பி, இன்னிக்கு லீவா?"

"ஆமா சார்" என்றேன், ரொம்பப் பெருமையாக.