தாழ்ந்த இமை

வால்ட்டர் டேன்டி என்ற பெயரை எங்கே படித்தாலும் எனக்குச் சின்ன அத்தை ஞாபகம்தான். திண்ணையில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருப்பாள். இடது இமை இறங்கிப் பாதிக் கண்ணை மூடியிருக்கும். நெற்றி சுருங்கப் புருவத்தை ஏற்றி அதைத் தூக்கப் பார்ப்பாள். விரலால் தூக்கினாலோ ஒரு பூ இரண்டாகத் தெரிகிறது என்பாள்.

"சர்க்கரை உடம்பு, அதான்" என்றார் மாமா. கண் டாக்டர் டார்ச் அடித்தார். வலது கண் பாப்பா சுருங்கியது. இடது பாப்பா விரிந்தபடியே நின்றது. மறுபடி அடித்தார், அப்படியேதான் இருந்தது. "வீட்டுக்குப் போக வேணாம்மா, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கையோடு சீட்டு எழுதினார்.

மாமா சொன்னதும் வெறும் பேச்சல்ல. சர்க்கரையாலும் இமையைத் தூக்கும் மூன்றாவது கபால நரம்பு செயலிழக்கும். ஆனால் அது நரம்பின் உட்புற ரத்த ஓட்டத்தைத்தான் கெடுக்கும். பாப்பாவைச் சுருக்கும் இழைகள் மேற்பரப்பில் ஓடுவதால் பெரும்பாலும் தப்பிவிடும். பக்கத்திலேயே பின் இணைப்புத் தமனி கிளைக்கிறது. அந்த இடம், நைந்த சைக்கிள் ட்யூப்போலப் புடைத்து வெளியிலிருந்து அழுத்தினால், முதல் அடி அந்த இழைகளுக்குத்தான். அத்தைக்கு ஸ்கேனில் தெரிந்தது அதுவே: அனியூரிசம்.

1937 மார்ச்சில், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 43 வயதுக்காரர் ஒருவரின் மண்டையைத் திறந்து, அப்படியொரு புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் மாட்டினார் டேன்டி. அனியூரிசத்துக்குக் கிளிப் போட்டு நடந்த முதல் அறுவை அது. அந்த நோயாளிக்கும் இதே நரம்புதான் செயலிழந்திருந்தது.

அத்தைக்கு மண்டையைத் திறக்கவில்லை. தொடைத் தமனி வழியாகக் குழாய் செலுத்தி, பிளாட்டினச் சுருளால் புடைப்பை அடைத்தார்கள். இமை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பாப்பா மட்டும் கடைசிவரை சற்றுப் பெரிதாகவே இருந்தது. வெயிலில் முந்தானையை நெற்றிக்கு இழுத்துக்கொள்வாள். அந்தப் புடைப்பு வெடித்திருந்தால் மூளையைச் சுற்றி ரத்தம் பரவியிருக்கும். அப்படி ஆனவர்களில் பலர் பிழைப்பதில்லை.

திடீரென ஒரு பக்க இமை இறங்கினால், தலைவலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாப்பா இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தாலும் அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.