ஏழாம் இலக்க ஜேர்சி

2021 ஓகஸ்ட் 27. நாடு முழுக்க ஊரடங்கு. ரொனால்டோ திரும்பவும் மன்செஸ்ரர் யுனைட்டெட்டுக்கு வாறார் என்ற செய்தியைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் அம்மா குசினிக்குள் இருந்து ஓடி வந்தா.

"என்னடா?"

"ரொனால்டோ வாறார் அம்மா!"

"இந்தக் கொரோனாவுக்க அவர் ஏன் இஞ்ச வாறார்?"

2009இல் 80 மில்லியன் பவுணுக்கு ரியல் மட்ரிட் போனவர், 36 வயதில் திரும்பி வந்தார். நியூகாசிலுடனான முதல் மட்சிலேயே இரண்டு கோல். அன்றைக்கு யாராவது இது பிழையான முடிவு என்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்தப் பருவத்தில் அவர் மொத்தம் 24 கோல் அடித்தார். அணியில் அவரை விட ஒருவரும் கூட அடிக்கவில்லை. ஆனால் அணி? முந்தைய பருவத்தில் லீக்கில் 73 கோல், 74 புள்ளி, இரண்டாம் இடம். அவர் வந்த பருவத்தில் 57 கோல், 58 புள்ளி, ஆறாம் இடம். வாங்கிய கோல்களும் 57. அதுக்கு அவரை மட்டும் குற்றம் சொல்லேலாது. எண்டாலும் அவர் அடித்த கோல்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, மற்றவர்கள் அடிக்காமல் விட்ட கோல்கள் தெரியவில்லை. அவருக்காக ஏழாம் இலக்கத்தை விட்டுவிட்டு 21ஐப் போட்டுக்கொண்ட கவானியையும் நான் யோசிக்கவில்லை. 2022 நவம்பரில் ரொனால்டோ கழகத்தை விட்டே போனார்.

இதை இப்ப எழுதுவதற்குக் காரணம் எங்கட ஊர்க் கழகம்.

இரண்டு வருடத்துக்கு முதல், கட்டாரில் இருந்து லீவில் வந்த ஒரு அண்ணாவைச் சித்திரைச் சுற்றுப்போட்டிக்கு இறக்குவதா என்று கூட்டம் நடந்தது. எனக்கு இடது காலால் அடிக்கப் பழக்கினவர் அவர். கையை உயர்த்தினவர்களில் நானும் ஒருவன். அதுவரை ஏழாம் இலக்கம் போட்ட பதினேழு வயதுப் பெடியன் ஒன்றும் சொல்லாமல் ஜேர்சியைக் கழற்றிக் குடுத்தான். அரையிறுதியில் அண்ணா ஒரு கோல் அடித்தார். நாங்கள் 3-1 என்று தோற்றோம். அதுக்குப் பிறகு அந்தப் பெடியன் பிரக்டிசுக்கு வரவில்லை. இப்ப பக்கத்து ஊருக்கு விளையாடுகிறான்.

நட்சத்திர வீரரைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்கும்போது, அவர் இன்னும் கோல் அடிப்பாரா என்றுதான் பார்க்கிறோம். அவர் வந்தால் யாருடைய இடம் போகும், அந்த ஆள் இன்னும் ரெண்டு வருசத்தில் எப்படி வந்திருப்பான் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. பழைய கோல்களுக்கு நன்றி சொல்ல வேற வழிகள் இருக்கு. அதுக்கு இன்னொருவனின் ஜேர்சி தேவையில்லை.

அண்ணா இந்த வருடமும் லீவில் வாறார். நேற்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "தம்பி, எனக்கு ஒரு இடம் இருக்குமே?"

கோச்சாக வாங்கோ அண்ணா என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.