வில்லனுக்கேற்ற புத்தகம்

என் தமையனார் மகனுக்கு வயது 15. சித்திரக் கதைகளில் அவனுக்கு வீரனைவிட வில்லன்மீதே பிரியம். அதிலும் 1940-ல் தோன்றிய, பேட்மேனின் பகைவனாகிய ஜோக்கர் என்றால் உயிர். அந்தக் கோரச் சிரிப்பை நோட்டுப் புத்தகமெங்கும் வரைவான். அதே கையால், உதடு பிளந்து பிறந்த பள்ளித் தோழனொருவனையும் கேலியாக வரைந்திருந்ததை ஒருநாள் கண்டு மனம் நொந்தேன்.

கண்டிக்கவில்லை, விக்டர் ஹியூகோ 1869-ல் வெளியிட்ட "சிரிக்கும் மனிதன்" நாவலைக் கொடுத்தேன். குழந்தைப் பருவத்தில் கயவரால் முகம் அறுக்கப்பட்டு, அழும்போதும் சிரிப்பவனாய்த் தோன்றும் கிவின்பிளேன் அதன் நாயகன். 1928-ல் படமாகிய அக்கதையில் கான்ராட் வைட் பூண்ட முகமே ஜோக்கருக்கு மூலம். ஆயினும் ஹியூகோவின் நாயகன் கொடியவனல்லன். பிரபுக்கள் சபையில் ஏழைகளுக்காகப் பேசுகிறான். அவன் முகத்தைக் கண்டு பிரபுக்கள் நகைக்கின்றனர்.

அவ்விடத்தைப் படித்த பையன், "சித்தப்பா, இதிலே வில்லன் யார்?" என்றான். விடை கூறாது அவன் நோட்டுப் புத்தகத்தை நோக்கினேன். மறுநாள் அந்தப் பக்கம் அதில் இல்லை.

பெற்றோரே, வில்லனை விரும்பும் பிள்ளையிடமிருந்து சித்திரக் கதையைப் பிடுங்காதீர். அதன் மூலநூலை நீட்டுங்கள். 1942-ல் தோன்றிய இரட்டை முகத்தானை விரும்புவோர்க்கு, ஸ்டீவன்சன் 1886-ல் வெளியிட்ட ஜெக்கில், ஹைடு கதை காத்திருக்கிறது.