1.8 ஓம்

வயரிங் வேலை முடிந்ததும் ஈ.பி.க்குக் கொடுக்கிற டெஸ்ட் ரிப்போர்ட்டில் எர்த் எத்தனை ஓம் என்று எழுத வேண்டும். லைசென்ஸ் வைத்துத் தொழில் செய்த காலம் முழுக்க அந்த இடத்தில் நான் எழுதியது பொய். எர்த் டெஸ்டர் என்கிற கருவியை நான் வாங்கியதே கிடையாது. 2 ஓம் என்று முழு எண்ணாகப் போட்டால் சந்தேகம் வருமென்று 1.8, 2.3 என்று புள்ளி வைத்துப் போடுவேன். அந்தப் புள்ளியை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

பல வீடுகளில் அளந்து பார்க்க எர்த்தே இருக்காது. எங்கள் தர்மபுரிப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். அதை உடைத்துக் குழி எடுத்து, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூட வேண்டும். அதற்குக் கூலி சொன்னால், "கரண்ட் வந்தா போதாதுங்களா?" என்பார் வீட்டுக்காரர். போதும் என்று நானும் விட்டுவிடுவேன். ரேட்டைக் குறைத்தால்தான் வேலை கிடைத்தது என்பது உண்மைதான். குழி எடுத்தே பிழைத்த கான்ட்ராக்டர்களும் அதே ஊரில் இருந்தார்கள் என்பதும் உண்மை.

எர்த் இல்லாததை மறைக்க ஒரு வழி வைத்திருந்தேன். மூன்று பின் சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயரை லூப் அடித்துவிடுவேன். பேஸுக்கும் எர்த்துக்கும் டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும். பார்க்க வந்தவர் தலையாட்டிவிட்டுப் போவார். ஆனால் அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தாலோ, போஸ்ட்டில் வேலை பார்க்கும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலோ, பழுதே இல்லாத கிரைண்டரின் உடம்பிலேயே 230 வோல்ட் ஏறி நிற்கும். எர்த்தே இல்லாத வீட்டில்கூட மெஷினுக்குள் இன்சுலேஷன் போனால்தான் ஆபத்து. நான் லூப் அடித்த வீட்டில் மெஷின் புதிதாக இருந்தாலும் ஆபத்து. இது எனக்கு அப்போதே தெரியும்.

யாராவது கேட்டால் சட்டம் பேசுவேன். ஐ.எஸ். 3043, 1985-இல் வந்த தேசிய மின் கோடு எல்லாம் தர நிர்ணயப் புத்தகங்கள், சட்டம் இல்லை என்பேன். பாதி சரி. 1956-இன் இந்திய மின்சார விதிகளும் அந்தப் புத்தகங்களைப் பின்பற்றலாம் என்றுதான் சொல்லின. முரண்பாடு வந்தால் விதியே செல்லும் என்றன. மீதிப் பாதியைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன். கரண்ட் கொடுப்பதற்கு முன் எர்த்தை அளந்து பார்த்தாக வேண்டும், லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் வேலை செய்ய வேண்டும், சான்றிதழ் உள்ளவர் கூட நின்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்த விதிகளிலேயே இருந்தது. 2003-இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. அதன் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது சட்டத்தின் 146-வது பிரிவு. கோடு புத்தகத்துக்குச் சட்ட பலம் உண்டா இல்லையா என்று நான் வாதாடிய நேரமெல்லாம், ரிப்போர்ட்டில் இருந்த என் கையெழுத்துக்கு அது இருந்தது.

பெயருக்குப் பைப் இறக்கிய வீடுகளும் உண்டு. பாறை மண்ணில் அந்த எர்த் 50 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் மெஷினின் உடம்பில் பட்டால் மண்ணுக்குள் ஓடுகிற கரண்ட், 230-ஐ 50-ஆல் வகுத்தால், 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற ஆர்.சி.சி.பி. வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது பழைய பாவம். புதிதாக ஒன்று செய்தேன். நான் தொழிலை விட்ட பிறகு ஒரு இளம் வயர்மேன் தேடி வந்தான். "அண்ணே, நீங்க வயரிங் பண்ண வீட்டுல புதுசா எர்த் குழி எடுத்து, எல்லா சாக்கெட்டுக்கும் பச்சை வயர் இழுத்துட்டேன். ஆர்.சி.சி.பி. நிக்கவே மாட்டேங்குது, போட்ட உடனே விழுந்துடுது" என்றான்.

கேட்டதுமே புரிந்துவிட்டது. என் லூப் உள்ளே அப்படியே இருக்கிறது. அவன் இழுத்த எர்த் வயர் அதன் வழியாக நியூட்ரலைத் தொடுகிறது. நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகிறது. போனதும் வந்ததும் கணக்கு உதைக்கிறதால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

"சரக்கு சரியில்லப்பா. வேற கம்பெனி போட்டுப் பாரு" என்றேன்.

அவன் கைக்காசு போட்டு இன்னொன்று வாங்கி மாட்டினான். அதுவும் விழுந்தது. கடைசியில் வீட்டுக்காரரின் நச்சரிப்பு தாங்காமல் அதைக் கழற்றிவிட்டு டைரக்ட் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ரேட்டுப் போட்டி, பாறை, கூலி என்று சொல்ல இந்தத் தடவை எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பையன் முன்னால் மானம் போகக்கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு அவன் கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "எந்தெந்த சாக்கெட்டுண்ணே?" என்று மட்டும் கேட்டான். எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்றேன். அந்த ஒரு வீட்டில் மட்டும் அல்ல.