வீரோன்

மிசோலோங்கி, கிரீஸ்

அன்புள்ள சேகர்,

ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். ஊரைச் சுற்றி முழங்கால் ஆழத்து உப்பங்கழி, உப்பளம், மீன் வாடை. கல்லூரியில் ஆங்கிலக் கவிஞர் பைரன் பாடம் நடக்கும்போது பின்பெஞ்சில் தூங்குவோமே, அவர் செத்துப்போன ஊர் இதுதான்.

துருக்கியரை எதிர்த்த கிரேக்கர்களுக்கு உதவ 1824 ஜனவரியில் இங்கே வந்தார். அவர்களுடைய கப்பற்படைக்குத் தன் பணத்திலிருந்து 4,000 பவுண்டு கொடுத்திருந்தார். போர்க்களத்தை மட்டும் பார்க்கவே இல்லை. மழை, சேறு, காய்ச்சல். ரத்தம் எடுத்து எடுத்தே வைத்தியர்கள் ஆளை முடித்தார்கள் என்பது என் கட்சி. ஏப்ரல் 19இல் இறந்தார், வயது 36. நடந்துகொண்டிருந்த வயதைக் கணக்கிட்டு, நிமிஷத்துக்கு ஒன்றாக 37 முறை பீரங்கி முழங்கியதாம்.

இவர்கள் வாயில் அவர் பைரன் இல்லை, 'வீரோன்'. நம் காதில் 'வீரன்' என்றே விழுகிறது! பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள். 1922க்குப் பிறகு ஆசியா மைனரிலிருந்து வந்த அகதிகள் குடியேறிய ஏதென்ஸ் புறநகர் ஒன்றுக்கும் அதே பெயர்தான். இங்கே மாவீரர் தோட்டத்தில், சுதந்திரப் போரில் மாண்டவர்களின் கல்லறைகளுக்கு நடுவே அவர் சிலை நிற்கிறது. அவருடைய இதயம் அதன் அடியில் இருக்கிறது என்று ஊரார் சொல்கிறார்கள்.

நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம், "அவர் கவிதை ஏதாவது படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "பள்ளிக்கூடத்தில் சொலொமோஸ் படித்தோம்" என்றார். சொலொமோஸ் இவர்களுடைய தேசிய கீதக் கவிஞர். பைரன் சாவுக்கு நீண்ட இரங்கற்பா எழுதியவர். ஆக, பைரனைப் படிக்காமலே பைரனுக்கான ஒப்பாரியைப் படித்திருக்கிறார். எனக்கு இது குறையாகப் படவில்லை. வரிவரியாகப் படித்த லண்டன் என்ன செய்தது? ஒழுக்கம் கெட்டவர் என்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைக்க இடம் தரவில்லை. அங்கே ஒரு நினைவுக்கல் பதிக்க 1969 வரை ஆயிற்று.

அப்புறம், 'அவ்கோதாராஹோ' ஒன்று வாங்கியிருக்கிறேன். மடவை மீனின் சினையை உப்பிட்டுக் காயவைத்து, மேலே தேன்மெழுகு பூசியது. பார்க்க மஞ்சள் மெழுகுவர்த்தி மாதிரியே இருக்கும். மெழுகை உரித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். நான் முதல் துண்டை மெழுகோடு கடித்துவிட்டேன், அந்த அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். உனக்குப் பாதி எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ரகு